ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

தையல் ஊசி இல்லாத வீடு இக்காலத்தில் இருக்கலாம். விரைவுப் பசை இல்லாத வீடு அரிது. வார் அறுந்த செருப்பு, கால் கழன்ற மூக்குக்கண்ணாடி, கைதவறி விழுந்து விரல் உடைந்த சுரூபம் ஆகிய எதுவானாலும், “ஒரு ஃபெவிகுவிக் வாங்கி வா” என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். ஒரு வணிகப் பெயரே பொருளின் பொதுப்பெயராகிவிட்டது. சுண்டுவிரல் நீளமே உள்ள அக்குழாயை எத்தனையோ முறை கையாண்டிருக்கிறோம். எனினும், அது எதனால் ஒட்டுகிறது, எதில் ஒட்டாது, எங்கே தீங்கு செய்யும் என்று எண்ணிப் பார்த்தோர் நம்மில் மிகச் சிலரே.

இவற்றை எல்லாம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை எனக்கு அளித்தவர்கள் சிறுவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளில் பணிபுரிவோரின் பிள்ளைகள் சிலர், விடுமுறை நாள்களில் எங்கள் பங்கு இல்லத்தின் பின்தாழ்வாரத்தில் கூடுவது வழக்கம். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்காக அட்டையில் வீடுகள் செய்யத் தொடங்கியவர்கள், நாளடைவில் அளவு பிசகாத மாதிரி உருக்கள் செய்வதில் நாட்டம் கொண்டனர். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் அதற்குப் பொருள்களா இல்லை? ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த விஜயந்தா டாங்கியைச் செய்ய வேண்டும் என்றான் ஒருவன். பழவேற்காட்டு ஏரியின் படகைச் செய்யலாம் என்றான் மற்றொருவன். முடிவில், நாள்தோறும் தம் தந்தையரை ஏற்றிச் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டியின் பெட்டி ஒன்றைச் செய்வது என்று அனைவரும் ஒருமனப்பட்டனர்.

பேசின் பிரிட்ஜைக் கடந்ததும் பாதை பிரிந்து, ஒன்று பெரம்பூர், ஆவடி வழியாகத் திருவள்ளூருக்கும், மற்றொன்று எண்ணூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கும் செல்வதை நாம் அறிவோம். பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு அவர்களால் தொடங்கி வைக்கப்பட்ட ஐ.சி.எப். எனும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை அடுத்து ரயில் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. அங்கே நிறுத்தப்பட்டிருக்கும் பழைய பெட்டிகளைச் சிறுவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தனர்.

மாதிரி உரு என்பது விளையாட்டுப் பொம்மை அன்று, அது கணக்கு. ரயில் மாதிரிகளுக்கு உலகெங்கும் பெரிதும் வழங்கும் அளவு 1:87 என்பதாகும். மெய்யான பொருளின் 87 மில்லிமீட்டர், மாதிரியில் ஒரு மில்லிமீட்டர். ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள பெட்டி 24 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஐந்தே முக்கால் அடி உயர மனிதர் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நடைமேடையில் நிற்பார். நம் நாட்டு அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டர் இடைவெளி, 19 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் இவ்வகைத் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர்தான், அது வெளிநாட்டுப் பாதையின் அளவு. ஆதலின், நம் பாதையை நாமே செய்துகொள்ள வேண்டும்.

இக்கணக்கைப் பசைக்கும் போட்டுப் பாருங்கள். இணைப்பிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் பசை வெளியே வழிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மெய்யான பெட்டியில் அது ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் தடித்த கட்டியாகும்! சன்னலோரத்தில் அத்தகைய கட்டியுடன் ஒரு ரயில்பெட்டி ஓடக் கண்டதுண்டா? மாதிரி செய்வோர் பசையில் இத்துணைக் கருத்தாக இருப்பதன் காரணம் இதுவே.

நிற்க. இப்பசையின் வரலாறு சுவையானது. 1942ஆம் ஆண்டு, உலகப் போர் நடந்த காலத்தில், அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்னும் வேதியியலாளர், துப்பாக்கிக் குறிநோக்கிக்கு ஏற்ற தெளிந்த பிளாஸ்டிக் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது சைனோஅக்ரிலேட் என்ற பொருள் அவர் கையில் அகப்பட்டது. தொட்டவை அனைத்தோடும் அது ஒட்டிக்கொண்டதால், பயனற்ற தொல்லை என்று ஒதுக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1951இல், அவரோடு பணிபுரிந்த பிரெட் ஜாய்னர் இதே பொருளை ஒளிவிலகலை அளக்கும் கருவியொன்றின் இரு பட்டகங்களுக்கிடையே தடவினார். பட்டகங்கள் பிரிய மறுத்துவிட்டன. அன்றுதான் கூவர் அதன் அருமையை உணர்ந்தார். 1958இல் அது விற்பனைக்கு வந்தது. கூவர் 2011ஆம் ஆண்டு தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

இப்பசை எவ்வாறு ஒட்டுகிறது? காய்வதனால் அன்று. குழாயினுள் இருக்கும்போது இதன் நுண்துகள்கள் தனித்தனியே நிற்கும் ரயில்பெட்டிகளைப் போன்றவை. காற்றிலும் பொருள்களின் மேற்பரப்பிலும் கண்ணுக்குப் புலனாகாத ஈரம் எப்போதும் உண்டு. அந்த ஈரம் பட்டதும் முதற்பெட்டியின் கொக்கி அடுத்ததைப் பற்ற, அது அதற்கடுத்ததைப் பற்ற, நொடிப்பொழுதில் நீண்ட தொடர்களாகி இறுகிவிடும். குழாயினுள் ஈரம் புகாமலும், சிறிதளவு அமிலப்பொருள் கலந்தும் வைத்திருப்பதால் அங்கே அது இறுகுவதில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். ஈரம் இருப்பது மேற்பரப்பில்தான். மெல்லிய படலமாகப் பரவிய பசை முழுவதும் அந்த ஈரத்தைத் தொடும், உடனே இறுகும். தடிமனாக ஊற்றிய பசையின் நடுப்பகுதியோ நெடுநேரம் நீர்மமாகவே கிடக்கும். மிகுதியாக இட்டால் உறுதியாக நிற்கும் என்று நம்மவர் எண்ணுவது முற்றிலும் தவறு. ஒரு துளிக்கு மேல் இடுவது பசைக்கும் நட்டம், பொருளுக்கும் நட்டம்.

அடுத்து, எதற்கு எந்தப் பசை என்னும் வினா. எங்கள் ரயில்பெட்டியிலேயே நான்கு வகை இணைப்புகள் இருந்தன. பெட்டியின் சுவர்கள் பாலிஸ்டைரீன் எனும் பிளாஸ்டிக் தகடுகள். இவற்றுக்கு விரைவுப் பசையைவிட, மாதிரிப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் கரைப்பசையே சிறந்தது. அது இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக உருக்கி இணைத்துவிடும். தண்ணீர்க் குழாய் இணைக்கும் பசை வேறு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. வாயிற்படி அருகே பயணிகள் பற்றிக்கொள்ளும் கைப்பிடிகள் பித்தளைக் கம்பியால் ஆனவை. உலோகத்தைப் பிளாஸ்டிக்கோடு கரைப்பசை இணைக்காது. இங்குதான் விரைவுப் பசைக்கு வேலை. மரக்கட்டைகளுக்கும், வார்ப்புப் பிசினால் ஆன உறுப்புகளுக்கும் அது ஏற்றதே.

மூன்றாவது, சன்னல்களின் தெளிந்த தகடு. இதற்கு விரைவுப் பசை கூடவே கூடாது. இறுகும்போது எழும் ஆவி, தகட்டின்மீது வெண்பனி போலப் படிந்துவிடும். (இதே ஆவி கைரேகைகளில் படிந்து அவற்றை வெளிப்படுத்தும் என்பதை 1970களின் பிற்பகுதியில் ஜப்பானியக் காவல்துறையினர் கண்டனர், இன்று உலகெங்கும் குற்றப் புலனாய்வில் அம்முறை பயன்படுகிறது.) சன்னலுக்கு நம் வெள்ளை ஃபெவிகாலே போதும், காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. நான்காவது, நடைமேடைக்கு வைத்த தெர்மோகோல். சாதாரண விரைவுப் பசை பட்டால் தெர்மோகோல் அரித்துக் குழிந்து போகும். அதற்கும் ஃபெவிகாலே நல்லது. குடில் கட்டும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்வார்களாக.

விரைவுப் பசையிலும் வகைகள் உண்டு. தண்ணீர்போல் மெலிந்தது, நன்கு பொருந்திய இணைப்பினுள் தானே ஓடிப் பரவிச் சில நொடிகளில் இறுகும். சற்றுக் கெட்டியானது, சிறு இடைவெளிகளையும் நிரப்பும். பொருளை நேர்செய்யச் சில நொடிகள் கூடுதலாகத் தரும். களிம்பு போன்ற ஜெல் வகை, செங்குத்தான பரப்பிலும் வழியாது. புதிதாகப் பழகுவோருக்கு அதுவே உகந்தது. எவ்வகையானாலும் முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும். நேராக இழுக்கும் விசையை இப்பசை நன்கு தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தாலோ, திடீரென அடிபட்டாலோ எளிதில் விட்டுவிடும். ஆகையால், எங்கே தட்டுப்படும், எங்கே வளையும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு தந்தையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் ஃபிட்டர். வாரம் ஒரு ஷிப்ட். இரவுப்பணி வாரங்களில் மகன் பள்ளிக்குப் புறப்படும்போது அவர் உறங்குவார். மகன் திரும்பும்போது அவர் வேலைக்குப் புறப்படுவார். தந்தை என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், “கம்பெனிக்குப் போகிறார்” என்பதற்கு மேல் அச்சிறுவனுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து மகனைத் தேடி வந்தவர், தாழ்வாரத்தில் நின்று வேலையைக் கவனித்தார். இரு சுவர்த் தகடுகள் மூலையில் சரியாகச் சேரவில்லை. சிறுவர்கள் பசையை இன்னும் சிறிது ஊற்றி இடைவெளியை அடைக்க முனைந்தனர்.

அவர் குழாயை மெல்ல வாங்கி அப்பால் வைத்தார். தகடுகளை மூலைமட்டத்தில் சேர்த்து வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். “இங்கே பார், கண்ணு. வெளிச்சம் தெரிகிறதா? வெளிச்சம் தெரிந்தால் பொருந்தவில்லை என்று பொருள்” என்றார். நுண்ணிய அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். மீண்டும் வெளிச்சத்தில் பார்த்தார். மீண்டும் ஓர் இழுப்பு. மூன்றாம் முறை வெளிச்சம் மறைந்தது. பின்னர் என் பக்கம் திரும்பி, “முதலில் பொருந்தட்டும், சாமி, அப்புறம் ஒட்டட்டும். பொருந்தாததை ஒட்டினால் ஒட்டியது போலத் தெரியும், நிற்காது” என்றார்.

அவருடைய மகன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பின் ஞாயிறுதோறும் அவர் ஒரு மணி நேரம் வருவார். கைப்பிடிக் கம்பிகளை வளைப்பதும், துளையிடுவதும் அவர் சொல்லிக் கொடுத்தவையே. “எங்கப்பா ஃபிட்டர்” என்று அச்சிறுவன் பிற பிள்ளைகளிடம் சொல்லக் கேட்டபோது, அச்சொல்லில் இருந்த பெருமிதம் புதிது. பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் காணாத தந்தையின் திறமையை, ஒரு சிறு ரயில்பெட்டி அவனுக்குக் காட்டிக் கொடுத்தது.

பயன்படுத்தும் முறையைச் சுருங்கச் சொல்லுகிறேன். முதலில் பசையின்றிப் பொருத்திப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து நேராகப் பொருளில் விடாமல், பழைய பிளாஸ்டிக் மூடியில் ஒரு துளி விட்டு, குண்டூசி முனையால் தொட்டு வையுங்கள். ஒரு பரப்பில் மட்டும் இட்டால் போதும். சேர்த்தபின் அசைக்காமல் அழுத்திப் பிடியுங்கள். தவிர்க்க இயலாத சிறு இடைவெளி இருந்தால், அங்கே சிறிது ஆப்பசோடாவைத் தூவி மெல்லிய பசை விட்டால் கல்போல் இறுகும். சூடும் புகையும் எழும் என்பதால் முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். சன்னல்களைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை இவ்வேலையில் அமர்த்தாதிருப்பது நலம்.

நம் பகுதியின் தட்பவெப்பமும் கவனத்துக்குரியது. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பழவேற்காட்டு ஏரி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றே நனைந்திருக்கும். ஈரம் மிகுந்த இக்காலத்தில் பசை எதிர்பாராத விரைவில் இறுகும். வெண்படலமும் மிகுதியாகப் படியும். திறந்த குழாய் சில நாள்களிலேயே கட்டியாகிவிடும். ஆகவே, பெரிய புட்டி மலிவு என்று வாங்காமல் சிறு குழாய்களாக வாங்குவதே நம்மவர்க்குச் சிக்கனம்.

ஆலைத் தொழிலாளர் இல்லங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இயந்திரம் துடைக்கும் காட்டன் வேஸ்ட் நம் வீடுகளில் எப்போதும் கிடக்கும். சிந்தியதைத் துடைக்கக் கை தானாக அதைத்தான் நாடும். பருத்தியிலும் கம்பளியிலும் இப்பசை மிகுதியாகப் பட்டால் விரைவாக வினைபுரிந்து கடும் வெப்பம் எழும், புகையும், தோல் வெந்து புண்ணாகும். பஞ்சால் பசையைத் தொடாதீர்கள். பருத்திக் கையுறை அணியாதீர்கள். உடுத்திய வேட்டியிலோ பாவாடையிலோ கொட்டிவிட்டால், துணியைப் பிடித்து இழுக்காமல் உடனே ஏராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இனிச் சொல்லவிருப்பதைப் பெற்றோர் அனைவரும் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன். குளிர்ச்சியில் பசை நெடுநாள் கெடாதிருக்கும் என்று கேள்விப்பட்ட அதே சிறுவன், குழாயைக் கொண்டுபோய் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் வைத்திருந்தான். அதே தட்டில், கண்புரை அறுவை செய்துகொண்ட அவனுடைய ஆயாவின் சொட்டு மருந்தும் இருந்தது. ஓர் இரவு மின்சாரம் நின்றிருந்தது. தந்தை இரவுப்பணியில். மூதாட்டி, நேரம் தவறக்கூடாதே என்று இருளில் தடவி எடுத்து, அண்ணாந்து, இமையை விலக்கிப் பிடித்தார். மருந்துப் புட்டியின் மூடி சுழன்று வரும். இந்த மூடியோ இறுகிக் கிடந்தது. “மூடி வரவில்லையே, அம்மா” என்று மருமகளை அழைத்தார். விளக்கோடு வந்த மருமகள் கையில் வாங்கிப் பார்த்தவுடன் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டாராம். முந்தைய நாள் இறுகிப்போன ஒரு மூடி, அம்மூதாட்டியின் கண்ணைக் காத்தது.

இது எங்கோ அரிதாக நேர்வது என்று எண்ணாதீர்கள். கண்மருந்து என்று கருதி இப்பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டோர் பலரைப் பற்றி மருத்துவ இதழ்கள் பல நாடுகளிலிருந்தும் எழுதியுள்ளன. இரண்டும் சிறியவை, இரண்டிலும் கூர்நுனி, இரண்டும் துளித்துளியாக விழுபவை. மூத்தோர் கண்ணுக்கு வேறுபாடு எங்ஙனம் தெரியும்? அவ்வாரமே அந்தத் தந்தை, கொக்கியிட்ட தகரப்பெட்டி ஒன்று செய்தார். ஈரம் உறிஞ்சும் சிறு பைகளை அதனுள் இட்டு, பசை அனைத்தையும் அதில் அடைத்து, பரணில் ஏற்றிவிட்டார். திறவாத குழாயைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டுமெனில், இவ்வாறு தனிப்பெட்டியில் அடைத்து, மருந்தும் உணவும் இல்லாத தட்டில் வையுங்கள். வெளியே எடுத்தபின் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே திறவுங்கள்.

விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மெல்ல உருட்டினாற்போல் பிரியுங்கள். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பசையை இளக்கும். ஆனால் முகத்தருகே அதைக் கொண்டு செல்லவே கூடாது. கண்ணில் பட்டால் தாமதமின்றி வெதுவெதுப்பான தூய நீரால் கால் மணி நேரம் கழுவுங்கள். ஒட்டிய இமைகளை வலிந்து பிரிக்காமல், ஈரத்துணியால் மூடி, கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1819ஆம் ஆண்டு முதல் பணியாற்றிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, நம் ரயிலில் சென்று அடையக்கூடிய தொலைவில்தான் உள்ளது. காயங்களை ஒட்ட மருத்துவர் பயன்படுத்தும் பசை இதே இனத்தைச் சேர்ந்ததாயினும் வேறு வகை. கடையில் வாங்கிய குழாயை வெட்டுக்காயத்தில் ஒருபோதும் இடாதீர்கள்.

எங்கள் ரயில்பெட்டி சென்ற கோடையில் முடிந்தது. பச்சையும் மஞ்சளும் பூசி, 24 சென்டிமீட்டர் நீளத்தில், கைப்பிடிகள் நேராக, சன்னல்கள் தெளிவாக, பசை எங்கே இட்டது என்றே தெரியாமல் நிற்கிறது. அச்சிறுவன் இப்போது இரண்டாவது பெட்டிக்குத் தகடு அறுத்துக்கொண்டிருக்கிறான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் கையால் எதையேனும் உருவாக்க விரும்பினால் தடுக்காதீர்கள். அவர்களோடு வாரத்தில் ஒரு மணி நேரமேனும் அமருங்கள். நீங்கள் ஆலையிலும் வயலிலும் சமையலறையிலும் கற்றவை அவர்கள் பாடநூலில் இல்லாதவை. குழாயின் மூடியைத் திறக்குமுன் ஒரு நிமிடம் பொருத்திப் பார்க்கக் கற்றுக் கொடுங்கள். வேலை முடிந்ததும், அம்மூடியை இறுக மூடி, சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் எட்டாத இடத்தில் வைக்கவும் கற்றுக் கொடுங்கள். இன்றிரவே உங்கள் குளிர்பெட்டியின் கதவுத் தட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.